எழுபது டிகிரிப் பிடி

இரும்பு மிதக்கும் திரவம் ஒன்றைச் சிங்கப்பூரின் தெம்பனிஸில் பார்த்தேன். ஸ்திரீட் 92 பக்கத்துத் தொழிற்பேட்டையில், மூன்றே மெஷின்கள் உள்ள ஒரு பட்டறை. வெந்நீர்த் தொட்டிக்குள் எவர்சில்வர் பாத்திரம், அதற்குள் வெள்ளி நிறத்தில் தளும்பும் உலோகம். பட்டறைக்காரர் ஓர் எஃகு நட்டை எடுத்து அதில் போட்டார். மூழ்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினார். உள்ளே போன நட்டு, முனையை எடுத்ததும் மேலே வந்து நின்றது. தொட்டியின் வெப்பமானி 85 டிகிரி காட்டியது. இன்னும் கொதிக்காத நீரின் சூட்டில் ஓர் உலோகம் உருகிக் கிடக்கிறது, அதுவும் இரும்பைவிடக் கனமாக.

அதற்கு வுட்ஸ் மெட்டல் என்று பெயர். பாதி பிஸ்மத், கால் பங்கு ஈயம், மிச்சத்தில் வெள்ளீயமும் கேட்மியமும் சரிசமம். தனித்தனியே எடுத்தால் பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், ஈயம் 327-இல், கேட்மியம் 321-இல். இந்த நான்கில் சீக்கிரம் இளகுவது வெள்ளீயம். அதற்கே 232 டிகிரி வேண்டும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான்; அதை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்ட வீடுகளுக்கு அந்த 232 என்னவென்று தெரியும். நான்கையும் சேர்த்தால் 70 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன. அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அணுக்கள் சேர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாமல் தடுமாறுவதால், உறைவதற்கு அவ்வளவு தூரம் குளிர வேண்டியிருக்கிறது. நியூட்டன் 1701-இல் வெப்ப அளவைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்காகவே பிஸ்மத், ஈயம், வெள்ளீயக் கலவைகளை உருக்கிப் பார்த்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியரான வாலன்டின் ரோஸ் பெயரில் வழங்கும் கலவை, நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உருகும். கேட்மியத்தைச் சேர்த்து அதை 70-க்கு இறக்கியவர் பார்னபஸ் வுட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். ஆண்டு 1860. இந்தக் குடும்பத்து உலோகம் நம் சமையலறையிலும் உண்டு. பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வின் நடுவே அதில் ஒரு பொட்டுதான் அடைத்திருக்கிறது. தண்ணீர் வற்றிக் குக்கர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது அந்தப் பொட்டு உருகி வழிவிடுகிறது.

பட்டறைக்காரருக்கு இந்த வரலாறு தேவைப்படவில்லை. அவருடைய கவலை பிடிப்பது.

கடைசல், மில்லிங் வேலை என்றதும் வெளியாட்கள் வெட்டுவதையே நினைக்கிறார்கள். பாலிடெக்னிக் பாடங்களிலும் டூல், வேகம், ஃபீட் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம், ஜாபை, அதாவது வெட்டப்படும் துண்டைப் பிடிப்பதற்குக் கிடைப்பதில்லை. பட்டறையில் பாதி நாள் போவதோ செட்டிங்கில். கனமான இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கிவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் கொண்ட ஓர் அலுமினியக் கூட்டை என்ன செய்வது? வைஸ் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினால் சுவர் உள்ளே வளையும். வளைந்த நிலையிலேயே கட்டர் அதை நேராகச் சீவிவிடும். மெஷின் மேலேயே டயல் வைத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். வைஸைத் தளர்த்திய மறுகணம் சுவர் தன் பழைய இடத்துக்குத் திரும்பும், சீவிய முகம் கோணிப் போகும். பயந்துகொண்டு தளர்வாகப் பிடித்தால் சுவர் அதிரும். மேற்பரப்பு முழுக்க வரிவரியாகத் தழும்பு விழும்.

கோயம்புத்தூரிலிருந்து எஸ் பாஸ் வேலை அனுமதியில் வந்து நெடுங்காலமாக இங்கே வேலை செய்யும் மூத்த மெஷினிஸ்ட் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பையனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “இறுக்கிப் புடிச்சா ஜாபு நம்ம சைஸுக்கு வராது கண்ணு. வைஸ் சொல்ற சைஸுக்குத்தான் வரும்.”

உருகிய உலோகத்தின் உதவி இங்கேதான். அந்தக் கூட்டை அவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று கிட்ட நின்று பார்த்தேன். முதலில் கூட்டையே வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஈரமில்லாமல் துடைத்து, உட்புறம் மெல்லிய எண்ணெய் பூசினார்கள். குளிர்ந்த ஜாபில் ஊற்றினால் சுவரைத் தொட்ட இடத்தில் உலோகம் உடனே உறைந்து, இடையிடையே வெற்றிடம் விட்டுவிடும். பிறகு கூட்டின் மேல் ஒரு பட்டையைப் போட்டுத் தட்டோடு சேர்த்து முறுக்கினார்கள். எனக்கு அது முதலில் புரியவில்லை. நட்டு மிதந்ததை நினைத்ததும் புரிந்தது. கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்பதரை கிராம் எடை, அலுமினியம் 2.7 கிராம்தான். கட்டி வைக்காவிட்டால் கூடு எழும்பி மிதந்துவிடும். ஒரு மூலையிலிருந்து மெதுவாக, நூல் பிடித்த மாதிரி ஊற்றினார்கள். முகம் தெரிகிற பளபளப்பு, சிறிது நேரத்தில் மங்கிச் சாம்பல் பூத்தது. உறைந்துவிட்டது.

ஏறக்குறைய எல்லா உலோகங்களும் உறையும்போது சுருங்கும். பிஸ்மத் தண்ணீரின் சாதி: உறையும்போது விரியும், மூன்று சதவீதத்துக்கு மேல். அதனால் பாதியளவு பிஸ்மத் உள்ள கலவை அச்சை விட்டு விலகுவதில்லை. மூலை முடுக்கெல்லாம் ஒட்டி நின்று லேசாக நெருக்கவும் செய்கிறது. இப்போது அந்த மெல்லிய கூடு உள்ளே வெற்றிடமே இல்லாத ஒரு கட்டி. எந்த ஓர் இடத்திலும் விசை குவியவில்லை. கூலண்டை நிறைய விட்டு, சிறு சிறு வெட்டாக எடுத்தார்கள். 70 டிகிரியில் இளகும் பொருளை வைத்துக்கொண்டு வெட்டும் சூட்டைப் பெருகவிட முடியாது. வேலை முடிந்ததும் கூட்டை வெந்நீருக்குள் கவிழ்த்தார்கள். உலோகம் தானாக வழிந்து அடியில் போய்ச் சேர்ந்தது. சுவரில் கிளாம்பின் தடம் இல்லை, கோணல் இல்லை. அடியில் சேர்ந்ததைத் திரும்பவும் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டார்கள்.

இந்த யோசனையை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் உண்டு. கான்பூர் ஐஐடியில் படித்து, பின்னாளில் எம்ஐடியில் பேராசிரியரான சஞ்சய் சர்மா, தன் ஆசிரியர் பால் ரைட்டோடு சேர்ந்து 1990-களில் ஒரு முறையை முன்வைத்தார். ஜாபின் ஒரு பக்கத்தை வெட்டி முடித்ததும், வெட்டிய பள்ளத்தையெல்லாம் உருகும் பொருளால் நிரப்பி மறுபடியும் ஒரு செவ்வகக் கட்டியாக்கிவிடுவது; அடுத்த பக்கத்தைத் திருப்பி வெட்டுவது; கடைசியில் எல்லாவற்றையும் உருக்கி எடுப்பது. எவ்வளவு சிக்கலான உருவமாக இருந்தாலும் மெஷினுக்கு அது எப்போதும் ஒரே செங்கல்தான். பொறியியலில் அழகு என்று ஒன்று இருந்தால் அதற்கு இதை உதாரணமாகக் காட்டுவேன்.

தெம்பனிஸிலிருந்து வடகிழக்கே சற்றுத் தூரம் போனால் லோயாங். விமான எஞ்சின் பாகங்களைப் பழுதுபார்க்கும் ஜிஇ ஆலை இருக்கும் அதே லோயாங் வே சாலையில்தான், பிள்ளையாருக்கும் சன்னிதி உள்ள துவா பெக் கோங் கோயிலும் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து கும்பிட்டுப் போகும் தமிழ்ப் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். தீவின் வடக்கே சிலேத்தாரில் 2012 முதல் ரோல்ஸ் ராய்ஸ் பெரிய விசிறி பிளேடுகளைச் செய்கிறது. பிளேடு என்ற பொருளுக்குத் தட்டையான இடமே கிடையாது. எஞ்சினின் சூடான பகுதியில் சுழலும் டர்பைன் பிளேடு, நிக்கல் கலவையில் வார்த்த ஒரு முறுக்கிய இலை. அதன் அடிவேரில் பல் பல்லாக ஒரு வடிவத்தைச் சில மைக்ரான் பிசகுக்குள் கிரைண்டிங் செய்ய வேண்டும். அந்த வேரைக் கொண்டுதான் அது சக்கரத்தில் கோத்து நிற்கிறது. இலையை எந்த வைஸ் பிடிக்கும்? உலகெங்கும் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வழி: இலைப் பகுதியை ஆறு முனைகளில் நிறுத்தி, சுற்றிலும் பிஸ்மத் கலவையை வார்த்து, பிளேடைத் தலைவரை ஒரு பெட்டிக்குள் புதைத்துவிடுவது. பிறகு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வேரைத் தேய்ப்பது.

இதையெல்லாம் மேல்நாட்டுக் கண்டுபிடிப்பாகவே வகுப்பறையில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் நகை வேலை செய்யும் பத்தரைப் போய்ப் பாருங்கள். தங்கத் தகட்டில் சித்திர வேலை செய்வதற்கு முன் அதன் முதுகில் அரக்கை இளக்கி நிரப்புவார். அரக்கு உருகுவதும் கிட்டத்தட்ட அதே சூட்டில், 75 டிகிரியை ஒட்டித்தான். ஊதுகுழலால் லேசாகச் சூடு காட்டி, செங்கல்தூள் கலந்த அரக்கின் மேல் நகையைப் பதித்து, ஆறவிட்டு, பிறகு உளியால் தட்டுவார். தகடு கிழியாது, நசுங்காது. அடி விழும் இடத்துக்கு நேர் பின்னால் அரக்கு தாங்கி நிற்கிறது. உள்ளே கூடாக உள்ள குண்டுக்கும் மணிக்கும் அரக்கைக் கொடுத்தே உருவம் காப்பாற்றுவது நம் நகைத் தொழிலின் பழைய வழக்கம். பழைய நகையை விற்கப் போனால் “அரக்குக் கழிச்சுத்தான் எடை” என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்காத குடும்பம் குறைவு. தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்கள் குங்கிலியமும் செங்கல்தூளும் நல்லெண்ணெயும் சேர்ந்த மெழுகை வெள்ளித் தகட்டின் பின்புறப் பள்ளத்தில் அடைக்கிறார்கள். மெல்லியதைச் சுற்றி வளைத்து, அதன் உருவத்தையே பிடியாக்கிக்கொள்ளும் அறிவு நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. சிஎன்சி படிக்க வரும் பிள்ளைக்கு, அவனுடைய தாத்தாவின் தெருவில் இதைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தெம்பனிஸ் பட்டறையிலிருந்து வாங்கி வந்த ஒரு சிறு வார்ப்புத் துண்டை, சிராங்கூன் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பத்தரிடம் காட்டினேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் வாங்காமலே கேட்டார்: “இதுல ஈயம் இருக்கா?”

கால் பங்கு இருக்கிறது என்றேன்.

“அப்ப உள்ளயே போட்டுக்கங்க ஐயா. என் பலகைப் பக்கம் அது வரக் கூடாது.”

அவருடைய பலகையில் உதிரும் தங்கப் பொடியெல்லாம் கூட்டி எடுக்கப்பட்டு அடுத்த உருக்கில் சேரும். அதில் ஒரு கடுகளவு ஈயம் விழுந்தாலும் அடுத்த தங்கம் சுத்தியலுக்கு இசையாது, விளிம்பில் வெடிக்கும். இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் ராபர்ட்ஸ் ஆஸ்டின் என்ற ஆங்கிலேய உலோகவியலாளர். 1888-இல் அவர் தங்கத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு மட்டும் பிற தனிமங்களைக் கலந்து, இழுத்து, முறித்துப் பார்த்தார். பிஸ்மத்தும் ஈயமும் தங்கத்தை நொறுங்க வைக்கும் கூட்டத்தில் சேர்ந்தன. துகள்களுக்கு இடையிலான எல்லைகளில் போய் அவை தங்கிவிடுகின்றன. விரிசல் அந்த எல்லை வழியாகவே ஓடுகிறது.

நிக்கலுக்கும் இதே கதி. டர்பைன் பிளேடுக்கான நிக்கல் கலவையில் பிஸ்மத் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது என்று விமானத் தொழிலின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அப்படிப்பட்ட பிளேடை எடுத்து, பாதிக்கு மேல் பிஸ்மத் உள்ள குழம்பில் புதைக்கிறோம்! ஆகவே உருக்கி எடுத்த பின்பும் வேலை முடிவதில்லை. அமிலத்தில் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மறுபடி கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட ஒரு படலம் எஞ்சினின் சூட்டில் உருகி நிக்கலுக்குள் இறங்கினால் பறக்கும்போதே பிளேடு விரிசல் விடலாம். அரக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிசின், சூடு காட்டினால் வழியும், மீந்தது எரிந்து போகும், தங்கத்துக்குள் புகாது. அந்த ஒரு கணக்கில் பத்தரின் பிடி பொறியாளரின் பிடியைவிட மேல் என்றே சொல்வேன். அதே காரணத்தால், ஒளி பட்டால் இறுகி ஒளியாலேயே விட்டுப்போகும் பசைகளைக் கொண்டு பிளேடு பிடிக்கும் வழியைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டி மீட்டர் பல காலம் ஆராய்ந்தார். பனிக்கட்டியில் உறைய வைத்துப் பிடிக்கும் தட்டுகளும் சந்தையில் உண்டு.

என் மனத்தை உறுத்துவது பிளேடு இல்லை. பிளேடைப் பார்த்துக்கொள்ள அமிலத் தொட்டி இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது, கையெழுத்துப் போட ஒரு தாள் இருக்கிறது. அந்தக் கலவையை ஊற்றுகிற கைக்கு என்ன இருக்கிறது?

ஈயம் பெரும்பாலும் வாய் வழியாகப் போகிறது. பாத்திரத்தின் மேல் படியும் சாம்பல் நிற ஏடு காய்ந்தால் பொடியாகும். அதைக் கையால் வழித்தெடுத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அப்படியே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்மியம் அதைவிடப் பொல்லாதது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருட்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவிலிருந்து நெல் வயலுக்கு வந்த கேட்மியம் பெண்களின் எலும்பை முறித்த கதை தெரிந்ததுதான். வெந்நீர்ச் சூட்டில் அது ஆவியாவதில்லை என்பது உண்மை. தெம்பனிஸ் பட்டறைக்காரர் தொட்டி வைத்திருப்பதும் அதற்காகவே. நீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் அவசரத்துக்குக் கேஸ் டார்ச்சை எடுத்து நேரே பாத்திரத்தில் காட்டும் பழக்கம் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு. டார்ச்சின் சுடர் பட்ட இடத்தில் எத்தனை நூறு டிகிரி என்பதை யார் அளந்தார்கள்? வெளியே வரும் புகைக்கு வாசனையும் இல்லை, தொண்டையில் உடனே எரிச்சலும் இல்லை. மணிக்கணக்கு கழித்தே நெஞ்சு அடைக்கும்.

சிங்கப்பூரில் ஈயத்தோடும் கேட்மியத்தோடும் வேலை செய்கிறவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலாக இருந்தது; அதில் முதலில் நின்றதே ஈய நஞ்சு. பட்டியல் போட்டவர்கள் அறியாமல் போடவில்லை. ஆனால் மூன்று மெஷினும் நான்கு ஆளும் உள்ள பட்டறை எந்த அட்டவணைக்குள் வந்தது? அங்கே வேலை பார்க்கிற பையனுக்குத் தான் ஊற்றுவது என்ன உலோகம் என்று பெயராவது சொல்லப்பட்டிருக்கிறதா? “வெந்நீரில் உருகும் சாமான்” என்ற அளவில்தான் பல இடங்களில் அது அறிமுகமாகிறது. பிளேடுக்குள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதே தொழில், அந்தப் பையனின் ரத்தத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று பாராமல் இருந்தால் அது தொழில் நேர்மை ஆகாது.

இப்போது இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 பிப்ரவரியில் சீனா பிஸ்மத்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகின் சுத்திகரித்த பிஸ்மத்தில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் ஈயம், டங்ஸ்டன் சுத்திகரிப்பின் உபபொருளாக. விலை சில வாரங்களிலேயே பல மடங்கு ஏறியது. நஞ்சில்லாத நல்ல கலவைகளில் பிஸ்மத் அதிகம். மலிவான கலவைகளில் ஈயம் அதிகம். விலை ஏறும்போது சிறு பட்டறை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. பழைய கலவைக் கட்டிகள், அதில் என்ன இருக்கிறது என்ற சீட்டு இல்லாமலேயே கைமாறும்.

கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் தெம்பனிஸிலும் சிறு பட்டறை நடத்துகிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிஸ்மத் 58 பங்கு, வெள்ளீயம் 42 பங்கு சேர்ந்த கலவை ஒன்று இருக்கிறது. அதில் ஈயமும் இல்லை, கேட்மியமும் இல்லை. 138 டிகிரியில் உருகும். வெந்நீர் போதாது, சூட்டைக் கட்டுப்படுத்தும் சிறு மின் உருக்கி ஒன்று வேண்டும். முதல் செலவு கூடுதல்தான். ஆனால் கலவை தேய்ந்து தீர்ந்துவிடும் பொருள் அல்ல. கவனமாக வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப உருக்கலாம், அந்தச் செலவு பல வருடங்களுக்குப் பரவும். டார்ச்சை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஏட்டை வழித்தெடுக்க ஒரு கரண்டி, பையன்களுக்குக் கையுறை, சாப்பிடும் இடம் வேறு, சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவும் குழாய். அடுத்த முறை கலவை வாங்கும்போது அதில் என்னென்ன எத்தனை பங்கு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்மியம் என்ற பெயர் அதில் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.